நம் எண்ணெய், எங்கள் எண்ணெய்

மலேசியச் சட்ட வரிசையில் 144ஆம் எண் கொண்டது 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம். பத்தே பிரிவுகள். ஒரு கோப்பை தே தாரிக் ஆறுவதற்குள் வாசித்து முடித்துவிடலாம். மீரியில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் ஒப்பந்தம் இதைவிட நீளம். ஆனால் இந்த நாட்டின் நிலத்தடியிலும் கடலடியிலும் இருக்கும் எண்ணெய், எரிவாயு அத்தனையும் யாருடையது, அதைத் தேட யாருக்கு உரிமை என்பதை இந்தச் சிறிய பிரதிதான் தீர்மானித்தது. இரண்டாம் பிரிவு எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. திரும்பப் பெற முடியாதபடி கொடுக்கிறது. கடைசியில் ஓர் அட்டவணை. அதில் மாநிலத்தின் பெயர் எழுத இடம் விட்ட ஒரு பத்திரத்தின் மாதிரி. பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

மூன்றாம் பிரிவைத்தான் நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்த நிறுவனம் பிரதமரின் கட்டுப்பாட்டிலும் வழிகாட்டுதலிலும் இயங்கும் என்கிறது அது. நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் என்றோ, ஒரு தனி ஆணையத்தின் கட்டுப்பாட்டில் என்றோ இல்லை. பிரதமர். அவருக்குச் சரியென்று பட்டதை அவர் சொல்லலாம், நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இவ்வளவு வெளிப்படையான வாக்கியத்தை அரசாங்க மொழியில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

என்னை இந்தச் சட்டத்திடம் கொண்டுபோய் விட்டது போஸ்டிங். வரலாற்று ஆசிரியராகச் சரவாக்குக்கு அனுப்பப்பட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் பாராம் ஆற்றின் உள்பகுதியில், பிறகு நான்கு ஆண்டுகள் மீரி நகரில். உள்பகுதிப் பள்ளியில் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. டீசல் தோங் தோங்காகப் படகில் வரும். ஆற்றில் தண்ணீர் வற்றினால் படகு தாமதம். அப்போதெல்லாம் விடுதிப் பிள்ளைகளுக்கு எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவோம். தேர்வுக் காலத்தில் டார்ச் லைட்டில் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதே ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. மீரியின் கனடா குன்றில். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் கையால் குழி தோண்டி எண்ணெய் எடுத்து, பிசினோடு கலந்து படகுக்குப் பூசினார்கள், விளக்கு எரித்தார்கள். யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. 1909இல் ராஜா சார்ல்ஸ் புரூக், ஷெல்லின் கிளையான ஆங்கிலோ சாக்சன் பெட்ரோலியம் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் சலுகையைக் கொடுத்தார். 1910 டிசம்பர் 22ஆம் தேதி எண்ணெய் வந்தது. 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிணறு 1972 வரை ஓடி ஓய்ந்தது. பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம். குன்றின் மேலிருந்து நகரமும் கடலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோகிங் போகிறவர்களும் கல்யாணப் படம் எடுப்பவர்களும் அந்த மரக் கோபுரத்தைச் சுற்றி இருப்பார்கள்.

ஒரு ராஜாவின் கையெழுத்து, ஒரு நிறுவனம், ஒரு கிணறு. சலுகை முறை என்பது இவ்வளவுதான். நிலத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் தேடும் செலவு நிறுவனத்துடையது, கிடைக்கும் எண்ணெயும் நிறுவனத்துடையது. ஆட்சியாளருக்கு ராயல்டியும் வரியும்.

மீரியில் ஐந்தாம் படிவத்துக்கு இதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். மலாயில் 'மிஞாக் கீத்தா' என்றேன். நம் எண்ணெய். (கித்தா என்று குறிலில் எழுதினால் நம்மவர்களுக்கு ரப்பர் மரம் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் நெடிலில் எழுதுகிறேன்.) பின்வரிசையிலிருந்து ஒரு கென்யாப் பையன் மரியாதையாகக் கையைத் தூக்கி, "மிஞாக் கமி, செகு" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மலாயில் கீத்தா என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம். கமி என்றால் கேட்பவரை விலக்கிய நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது, ஒரே 'வீ'தான். தமிழில் உண்டு. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இல்லாத இந்தச் சின்ன விஷயம் மலாய்க்கும் தமிழுக்கும் பொதுவாக இருப்பதால் அந்தப் பையன் சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாமல் வந்து சேர்ந்தது. எங்கள் எண்ணெய், சார். உங்களுடையதல்ல.

சரவாக்கில் எனக்குப் பெயர் 'ஓராங் மலாயா'. 1963க்குப் பிறகு மலாயா என்ற நாடு இல்லை, ஆனால் சொல் அங்கே உயிரோடு இருக்கிறது. தீபகற்பத்திலிருந்து மீரிக்கு விமானத்தில் இறங்கினால் சொந்த நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பில் வரிசையில் நிற்க வேண்டும். வேலை செய்ய வேண்டுமானால் தனி அனுமதி. தீபகற்பத்திலிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்து எரிச்சல்படுவார்கள். எனக்கு எரிச்சல் வரவில்லை. மலேசியா அமைந்தபோது சரவாக் கேட்டு வாங்கிய உறுதிகளில் அது ஒன்று. குடிநுழைவு அதிகாரம் அவர்களிடம் தங்கியது. கடலடி எண்ணெய் தங்கவில்லை.

சுங்கை சிப்புட்டில் என் அப்பா பெட்ரோனாஸ் ஸ்டேசனில் மட்டும்தான் எண்ணெய் ஊற்றுவார். வழியில் வேறு கம்பெனி ஸ்டேசன் வந்தாலும் முள் சிவப்புக்குப் போகும்வரை ஓட்டுவார். "நம்ம காசு நம்ம கம்பெனிக்கே போகட்டுமே" என்பார். லோரி ஓட்டிப் பிழைத்த மனுஷன். இந்த நாட்டில் 'நம்ம' என்று அவர் தயக்கமில்லாமல் சொன்ன பொருள்கள் அதிகம் இல்லை. எனக்கும் அப்படித்தான். யாஸ்மின் அமாட் எடுத்த பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். தீபாவளிக்கு டிவியில் நம் முகம், நம் வீட்டுச் சண்டை. வேறு எந்த அரசு சார்ந்த நிறுவனம் நம்மை இவ்வளவு பிரியமாகக் 'கீத்தா'வுக்குள் இழுத்துக்கொண்டது? அதனால் அந்தப் பையனின் 'கமி' எனக்கு வெறும் அரசியலாகப் படவில்லை. கீத்தா என்ற சொல்லுக்குள் இடம் கிடைக்க நாம் இங்கே பட்டபாடு அவனுக்குத் தெரியாது. அந்தச் சொல்லால் தன் ஊர் என்ன இழந்தது என்று அவன் நினைக்கிறான் என்பது எனக்கும் அதுவரை பாடப்புத்தகத்தில் வந்ததில்லை.

வாசிக்க ஆரம்பித்தேன்.

1974க்கு முன்பு 1966ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சுரங்கச் சட்டம் இருந்தது. தேடுவதற்கு உரிமம், எடுப்பதற்கு உடன்பாடு. சரவாக்கில் அதற்கும் முந்தைய 1958ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலமே உரிமம் கொடுக்கும் சட்டம். 1969 கலவரத்துக்குப் பின் வந்த அவசரகாலத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சபாவுக்கும் சரவாக்குக்கும் நீட்டினார்கள். 1973இல் உலக எண்ணெய் விலை தாவியது. அடுத்த ஆண்டே புதிய சட்டம், ஆகஸ்ட் 17இல் பெட்ரோனாஸ். பழைய உரிமங்கள் எல்லாவற்றுக்கும் புதிய சட்டம் வைத்த கெடு ஆறு மாதம். நீட்டிப்பதாக இருந்தால் அதையும் பிரதமர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதன் பிறகு தேடுகிறவருக்குச் சொத்துரிமை இல்லை. 1976இல் ஷெல்லும் எஸ்ஸோவும் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இப்போது 'கொன்ட்ராக்டர்'கள். நம் ஊரில் கால்வாய் வெட்டும் குத்தகையாளரைச் சொல்லும் அதே சொல். இதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன். ராஜாவிடம் சலுகை வாங்கி அறுபது வருடம் ஆண்ட கம்பெனியைக் குத்தகைக்காரனாக உட்காரவைத்தது சின்ன விஷயமல்ல. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் பேசியிருந்தால் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த முதல் ஒப்பந்தத்தில் நூறு பீப்பாய் எண்ணெய் வந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டினேன். பத்து பீப்பாய் ராயல்டி: ஐந்து கூட்டரசுக்கு, ஐந்து மாநிலத்துக்கு. செலவை ஈடுகட்ட நிறுவனத்துக்கு இருபதுவரை. மிச்சம் எழுபதை எழுபதுக்கு முப்பதாகப் பிரித்தால் பெட்ரோனாசுக்கு 49, நிறுவனத்துக்கு 21. நிறுவனத்தின் பங்கின்மேல் பெட்ரோலிய வருமான வரி, அதுவும் கூட்டரசுக்கு. பின்னால் வந்த ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கு பலமுறை மாறியது. 1985இல் நிறுவனங்களுக்குத் தாராளமாக்கினார்கள், 1997இல் வருமானத்துக்கும் செலவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பங்கு மாறும்படி செய்தார்கள். மாநிலத்தின் ஐந்து மட்டும் மாறவில்லை. பலகையில் 49க்கும் 5க்கும் நடுவில் அந்தப் பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் வராவிட்டால்? அது நிறுவனத்தின் நட்டம். ஒப்பந்தம் போடும்போதே இத்தனை நில அதிர்வு ஆய்வு, இத்தனை கிணறு என்று குறைந்தபட்ச வேலையை ஒப்புக்கொள்கிறார்கள். தோண்டிக் காய்ந்த கிணற்றின் செலவை அரசு தருவதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1978இல் பெட்ரோனாஸ் தனக்கென்று ஒரு தேடும் நிறுவனத்தை உருவாக்கியது, கரிகாலி. (மலாயில் தேடு, தோண்டு. சோழனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பல கடற்பகுதிகளில் கரிகாலி பங்காளி. கடற்பகுதியை ஏலத்துக்கு விடுவது பெட்ரோனாஸ், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது பெட்ரோனாஸ், ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்வது பெட்ரோனாஸ், பங்காளியாக வந்து உட்காருவது பெட்ரோனாசின் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பங்குக்குரிய காய்ந்த கிணறு யார் பணம்? தவிர, 2010இல் அரசு கொடுத்த வரிச் சலுகைகளில் ஒன்று, ஓரிடத்தில் தேடிய செலவை வேறோர் இடத்து வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது. சிறு வயல்களுக்கு வரி 38 விழுக்காட்டிலிருந்து 25 ஆனது. வராத வரியும் அரசு போட்ட பணம்தான். பட்ஜெட் புத்தகத்தில் செலவு என்ற தலைப்பில் அது வருவதில்லை, அவ்வளவே.

நோர்வேயில் இதைப் பச்சையாகச் செய்தார்கள். 2005 முதல் பல ஆண்டுகள், லாபம் பார்க்காத நிறுவனம் எண்ணெய் தேடினால் அந்தச் செலவில் 78 விழுக்காட்டை அரசே ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தது. அது சரியா என்று அங்கே பலர் கேள்வி கேட்டார்கள், கேட்க முடிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, 1972இல் அவர்கள் அரசு எண்ணெய் நிறுவனத்தையும் எண்ணெய் இயக்குநரகத்தையும் ஒரே ஆண்டில் தனித்தனியாக உருவாக்கினார்கள். தோண்டுகிறவர் ஒருவர், கணக்குப் பார்க்கிறவர் வேறொருவர். அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஃபாரூக் அல்-காசிம், ஈராக்கிலிருந்து மகனின் சிகிச்சைக்காக அங்கு குடியேறிய நிலவியலாளர். ஒரு நாட்டின் 'நாம்' எப்படி அமைய வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நம் சட்டத்தில் ராயல்டி என்ற சொல்லே கிடையாது. காப்பிக்கடையில், சட்டமன்றத்தில், சுவரொட்டியில் எல்லாம் ராயல்டிதான். ஆனால் நான்காம் பிரிவு சொல்வது, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ரொக்கத் தொகை. ஐந்து விழுக்காடு என்பதும் சட்டத்தில் இல்லை, தனித்தனி ஒப்பந்தங்களில் இருக்கிறது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் திரெங்கானுவுக்குப் போய்க் கேட்கலாம். 1999 தேர்தலில் அந்த மாநிலம் பாஸ் கட்சியின் கைக்குப் போனது. 2000இல் மாநில அரசுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியைக் கூட்டரசு நிறுத்தியது. அதற்குப் பதில் 'வாங் எஹ்சான்' என்ற பெயரில் கூட்டரசின் அமைப்புகள் வழியாகப் பணம் செலவிடப்பட்டது. எஹ்சான் என்றால் நல்லெண்ணம், கருணை. கடலும் மாறவில்லை, கிணறும் மாறவில்லை. உரிமையாக வந்த பணம் ஒரே இரவில் தயவாக மாறியது. தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. குடியிருந்த லயம் உரிமையா தயவா என்பது தோட்டம் விற்கப்படும் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

சபாவின் கதை இன்னும் கனமானது. துன் முஸ்தபா அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. 1976 ஏப்ரலில் ஆட்சி மாறி ஃபுவாட் ஸ்டீபன்ஸ் முதலமைச்சரானார். ஜூன் 6ஆம் தேதி கோத்தா கினாபாலுவில் அவர் வந்த சிறு விமானம் விழுந்து பதினோரு பேரும் இறந்தார்கள். ஜூன் 14, எட்டே நாளில், புதிய முதலமைச்சர் ஹரிஸ் சாலே கையெழுத்திட்டார். விபத்தின் மலேசிய அறிக்கை 2023இல்தான் வெளியானது. சதி இல்லை, சுமை ஏற்றியதில் கோளாறு என்கிறது அது. நான் அதை நம்புகிறேன். ஆனால் ஓர் அறிக்கையை ஏறக்குறைய அரை நூற்றாண்டு பூட்டி வைத்துவிட்டு, மக்கள் ஏன் கதை கட்டுகிறார்கள் என்று கேட்பதில் நியாயமில்லை. உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களின் முழு வாசகமும் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. வராத இடத்தில் கதைதான் வளரும்.

பணம் எங்கே போனது என்று கேட்டால் பாதிக் கதை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, 452 மீட்டர் உயரத்தில். நான் படித்த பள்ளியின் கட்டடத்திலும் சாலையிலும் அதில் கொஞ்சம் இருக்கும். எண்ணெய் இல்லாத பேராக்கில் வளர்ந்தவன் இதைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது. மறுபாதி, பிரதமரின் கட்டுப்பாடு என்ற அந்த மூன்றாம் பிரிவின் கதை. 1984இலும் 1989இலும் நொடித்துப்போன பூமிபுத்ரா வங்கியைத் தூக்கிவிட்டது பெட்ரோனாஸ் பணம். 2019இல் வழக்கமான ஈவுத்தொகையோடு சிறப்பு ஈவாக 30 பில்லியன் வெள்ளியை அரசு எடுத்துக்கொண்டது, பாக்கி நின்ற வரிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க. எதிர்காலத் தலைமுறைக்கு என்று 1988இல் தொடங்கிய தேசிய அறக்கட்டளை நிதியிலிருந்து 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு 5 பில்லியன்வரை எடுக்க வழி செய்தார்கள், அதுவும் அவசரகாலச் சட்டத்தின் கீழ். தடுப்பூசி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு முறையும் தேவை உண்மையானதாகவே இருக்கிறது. யாரைக் கேட்டார்கள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலோடு நிற்கிறது.

சரவாக் இப்போது அந்தப் பழைய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது. 1969 அவசரகாலம் 2011இல் ரத்தானபின் அதன் வழியாக வந்த சட்டங்களும் இங்கு செல்லாது என்பது அவர்கள் வாதம். 2017இல் மாநிலத்தின் சொந்த நிறுவனமாகப் பெட்ரோஸ் வந்தது. 2018 ஜூலை முதல் சரவாக்கில் எண்ணெய் எடுக்க மாநிலத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். பெட்ரோனாஸ் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது, வழக்குத் தொடுக்க அனுமதி கிடைக்கவில்லை. 2020இல் மாநில விற்பனை வரி வழக்கில் கூச்சிங் உயர்நீதிமன்றம் சரவாக் பக்கம் நின்றது. பெட்ரோனாஸ் 3 பில்லியன் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கட்டியது. அந்த வாரம் ஆசிரியர் அறையில் திருவிழா மாதிரி இருந்தது. யாரோ கேக் லாபிஸ் கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. 2024 பிப்ரவரியில் சரவாக்கின் எரிவாயுவை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரே அமைப்பாகப் பெட்ரோஸ் நியமிக்கப்பட்டது.

எனக்கு அதில் சந்தோஷமா என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம். ஐந்து பீப்பாய்க் கணக்கை எந்தப் பிள்ளையின் முன்னாலும் நின்று என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சட்டப் பிரதி வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் அது லேசில் விடாது. பெட்ரோசும் அரசின் முழுச் சொத்து. உரிமம் கொடுக்கிற அரசுதான் அதன் முதலாளி. கோலாலம்பூரில் ஒரு நாற்காலியைச் சுற்றி இருந்த ஏற்பாட்டைக் கூச்சிங்கில் இன்னொரு நாற்காலியைச் சுற்றி அடுக்குவது போலத்தான் எனக்குத் தெரிகிறது. பாராமில் இருக்கும் நீளவீட்டுக்காரர் 'கமி' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் அவர் நிஜமாகவே இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது. டீசல் தோங்கை எதிர்பார்த்துப் படகுத்துறையில் நின்றவர்கள் அவர்கள்.

என்னோடு புவியியல் சொல்லிக்கொடுத்த ஈபான் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மீரிக்காரர். அவருடைய அப்பா லூத்தோங் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்தவர். பொறுமையாகக் கேட்டார். பேப்பர் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவை மூடினார்.

"நியாயமான கேள்விதான், செகு. எங்க ஆட்களும் கேட்பாங்க. முதல்ல கைக்கு வரட்டும், அப்புறம் எங்க ஆளுக்கிட்ட நாங்க சண்டை போட்டுக்கிறோம். அதுக்கும் நீங்களே வரணுமா?"

இதில் எத்தனை இடத்தில் கமி வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் பேனாவைத் திறந்து, அடுத்த தாளை எடுத்தார்.